இரண்டு சட்டை அணிந்த பையன்

நமது எழுத்தில் இன்னும் வந்து சேராத ஒருவனைப் பற்றி இங்கு பேச விரும்புகிறேன். அவனை எனக்கு நினைவூட்டியது ஷியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதி 1994இல் வெளிவந்த ‘ஃபனி போய்’ நாவல்.

கொழும்புத் தமிழ்க் குடும்பமொன்றின் பையன் அர்ஜி. பாட்டி வீட்டில் மச்சாள்மாருடன் ‘மணப்பெண்’ விளையாட்டு விளையாடுகிறான். சேலை உடுத்து அவனே மணப்பெண்ணாகிறான். பெரியவர்கள் கண்டதும் சிரிப்பு எழுகிறது, பின்னர் தடை வருகிறது. தாய் விழாவுக்கு உடுத்துவதை அருகிலிருந்து பார்த்தவனுக்கு அன்றிலிருந்து அறைக்கதவு சாத்தப்படுகிறது. பின்னாளில் தந்தை அவனை ‘ஆணாக்குவதற்காக’ வேறு பாடசாலைக்கு அனுப்புகிறார். தன் உடல் பிழையானது என்பதை ஒரு பிள்ளை வீட்டுக்குள்ளேயே கற்றுக்கொள்ளும் விதத்தை இவ்வளவு அமைதியாகச் சொன்ன பிறிதொரு இலங்கை நாவலை நான் வாசித்ததில்லை.

வாசித்து முடித்தபோது எனக்கு மன்னார்த் தீவில் என்னோடு படித்த ஒருவன் ஞாபகத்துக்கு வந்தான். கச்சான் காற்று அனலாய் அடிக்கும் மாதங்களிலும் அவன் இரண்டு சட்டை அணிந்து வருவான். ஒடுங்கிய தோளை அகலமாகக் காட்டத்தான் அப்படிச் செய்தான் என்பது எங்களுக்குத் தெரியும். “பெட்டை நடை” என்று கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றியபோது நாங்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரை சேர்ந்தோம். ஓலைக் கொட்டிலில் பத்துப் பேர் படுக்கும் அகதி வாழ்வில் அவனுக்கு உடை மாற்றவும் ஒரு மறைவிருக்கவில்லை.

வாலிபத்தில் அவன் கசிப்புக்குப் பழகினான். ஊருக்கு அவன் குடிகாரன். அந்தப் பெயர் அவனுக்கு ஒரு போர்வையாகவும் இருந்தது என்பதை நான் வெகுகாலம் கழித்தே விளங்கிக்கொண்டேன். ஏன் கலியாணம் முடிக்கவில்லை, ஏன் ஒதுங்கி வாழ்கிறான் என்ற எல்லாக் கேள்விகளுக்கும் குடியே பதிலாயிற்று. ஒருநாள் அவன் குடியை விட்டான். ஜமாஅத்தார் மகிழ்ந்தார்கள். அடுத்த மாதமே பெண் பேச வந்தார்கள். போர்வை போய்விட்டது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்த் தோளை அகலமாக்கினான். இரண்டாவது சட்டையைத் தசையால் தைத்துக்கொண்டான் என்றே எனக்குப் பட்டது. என்னிடம் தன்னைப் பற்றிச் சொன்ன இரவில் அவன் முடித்த விதம் இது: “குடிய விட்டுட்டன் மச்சான். கண்ணாடியப் பாக்கத்தான் இன்னும் ஏலல்ல.”

இந்த ஒற்றை வாக்கியத்துக்கு முன்னால் நமது சிறுகதைகளை வைத்துப் பார்க்கிறேன். நான் வாசித்தவரை, அவற்றில் குடிகாரன் கடைசிப் பந்தியில் தௌபாச் செய்வதற்காகவே வருகிறான். பாங்கோசை கேட்கிறது, கண்ணீர் வழிகிறது, கதை முடிகிறது. அவன் எதை மறக்கக் குடித்தான் என்று எழுத்தாளர் கேட்பதில்லை. உண்மையில் கதை தொடங்குவதே அங்கிருந்துதான். போதை தெளிந்தவனுக்குத் தன்னை வெறுக்கும் மனம் அப்படியே மிஞ்சியிருக்கிறது. அந்த வெறுப்பைக் குடி உண்டாக்கவில்லை. மரத்துப்போகச் செய்தது, அவ்வளவுதான்.

முஸ்லிம் வீட்டின் உள்ளறையை நமது இலக்கியம் திறக்கவே இல்லை என்றும் சொல்லமுடியாது. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வெளிவந்தபோது பெண்ணுடலின் வேதனை பேசுபொருளாயிற்று. எதிர்ப்பும் வந்தது, நாவலும் நிலைத்தது. ஆணுடலின் வெட்கத்துக்கு அப்படியொரு கதவு இன்னும் திறக்கவில்லை. இடப்பெயர்வு இலக்கியத்தில் கிணறு, பனை, பள்ளிவாசல் யாவும் இழப்பாகப் பதிவாயின. தன் உடலிலேயே குடியிருக்க முடியாதவனின் இடப்பெயர்வு பதிவாகவில்லை.

‘ஃபனி போய்’ 2020இல் தீபா மேத்தாவின் இயக்கத்தில் திரைப்படமானது. தமிழ்ப் பாத்திரங்களைத் தமிழரல்லாதோர் நடித்தமையும், அவர்கள் பேசிய தமிழும் கண்டனத்துக்குள்ளாயின. கண்டனம் நியாயமானது. ஆனால் அது நம்மையும் சுடவேண்டும். அந்தப் பையனுக்கு நாம் நம் மொழியில் ஒரு வாக்கியமேனும் கொடுத்திருக்கிறோமா? கேலிச் சொற்களை மட்டும் தாராளமாகக் கொடுத்திருக்கிறோம்.

இதையெல்லாம் இந்தப் பக்கங்களில் பேசவேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இதைக் குற்றமாக்கியது. 1995இன் திருத்தம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. குற்றநீக்கம் கோரும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023இல் கூறியது. சட்டத்தை நீதிமன்றமும், மார்க்கத்தை உலமாக்களும் பேசட்டும். எழுத்தாளனிடம் நான் கேட்பது சிறியது: தீர்ப்புக்கு முன்னால் அந்த மனிதனின் முகத்தை ஒருமுறை முழுமையாகப் பாருங்கள்.

நான் அவனைப் பார்க்கவில்லை. அவனுடைய இரண்டாவது சட்டையைத்தான் பார்த்தேன், பார்த்துச் சிரித்தேன். இந்தக் குறிப்பை விமர்சனம் என்பதா, கடன் தீர்ப்பு என்பதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் வாசித்தால் போதும்.