டக்குன்னு செத்துச்சா, திக்கித் திணறிச் செத்துச்சா?

சத்தியமாகச் சொல்கிறேன், ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து போகும் சுகமெல்லாம் சும்மா! ஓடாத வண்டி ஏன் ஓடவில்லை என்று பிடிபடும் அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதுதான் சுகம்! நம்பாதவர்கள், பாஹா போட்டிக்குத் தயாராகும் ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரி அணியின் மைதானத்துக்கு ஒரு சாயங்காலம் போய் நில்லுங்கள். அமெரிக்காவில் 1976-இல் பிறந்து 2007 முதல் நம் நாட்டிலும் நடக்கும் போட்டி அது. மாணவர்களே வடிவமைத்து, வெல்டிங் வைத்து, மாட்டிய ஏடிவி என்னும் காட்டுவழி வண்டியை மேட்டிலும் பள்ளத்திலும் 4 மணி நேரம் ஓடவிட்டுச் சக்கையாகப் பிழிந்துவிடுவார்கள். என் அக்கா பையன் அப்படி ஒரு அணியில் இருக்கிறான், கோயமுத்தூரில். "மாமா, சும்மா வந்து பாருங்க" என்றான். போனேன். அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது!

கற்பனை பண்ணிப் பாருங்கள். இரும்புக் குழாய்களால் ஆன கூடு, நாலு குண்டு டயர், ஓட்டுபவர் முதுகுக்குப் பின்னால் 305 சிசி ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 10 குதிரைத்திறன், கயிற்றைச் சுண்டி இழுத்துத்தான் ஸ்டார்ட். சமதளத்தில் ஜம்மென்று ஓடுகிறது. மண்மேட்டில் ஏறித் தாவி விழுந்தால் ஆஃப்! கயிற்றை இழுத்தால் உடனே ஸ்டார்ட். மறுபடி தாவினால் மறுபடி ஆஃப்! ஆளாளுக்குக் கார்புரேட்டரைக் கை காட்டுகிறார்கள், ஒருத்தன் கழற்றவே ஸ்குரூடிரைவரோடு வந்துவிட்டான். அப்போது எலெக்ட்ரிக்கல் பார்க்கும் பொண்ணு ஓட்டிய பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "டக்குன்னு செத்துச்சா, திக்கித் திணறிச் செத்துச்சா?"

"டக்குன்னு!"

"அப்ப பெட்ரோல் இல்ல. கரண்டு."

எனக்குப் புல்லரித்துவிட்டது! யோசித்துப் பாருங்கள், பெட்ரோல் போதாவிட்டால் எஞ்சின் இருமும், முக்கும், இழுத்துக்கொண்டு சாகும். தீப்பொறி அறுந்தால் மறுபேச்சே கிடையாது. சாகிற விதமே சாட்சி சொல்கிறது!

"அண்ணா, இந்த எஞ்சின் தீப்பொறிக்குப் பேட்டரியே வேண்டாம்" என்றாள் என்னிடம். பிளைவீலில் ஒட்டிய காந்தம் காயிலைக் கடந்து சுற்றும்போதெல்லாம் ஸ்பார்க். நிறுத்துவதற்கு? காயிலிலிருந்து வரும் ஒற்றை ஒயரைக் கில் சுவிட்ச் சேஸிஸோடு சேர்த்துவிடும், ஸ்பார்க் போச்சு. கில் சுவிட்ச் இரண்டு வேண்டும் என்பது போட்டி விதி, ஓட்டுபவர் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று, வெளியே ஒன்று. ஆக அந்த ஒயர் பின்னாலிருந்து முன்னால்வரை ஓடுகிறது, வழியில் எங்கே தோலுரிந்து இரும்பைத் தொட்டாலும் அங்கே ஒரு மூன்றாவது கில் சுவிட்ச்!

இப்போது வேட்டை! ஒயரைக் காயிலிலிருந்து கழற்றினாள், இல்லாவிட்டால் காயில் வழியாகவே மீட்டர் ஏமாற்றிவிடுமாம், இரண்டு சுவிட்சையும் ஓடும் நிலையில் வைத்தாள், மல்டிமீட்டரைப் பீப் சத்தத்துக்குத் திருப்பி ஒரு முனையை ஒயரிலும் இன்னொன்றைப் பெயின்ட் சுரண்டிய சேஸிஸிலும் வைத்தாள், சத்தமில்லை, ஒயரை அங்குலம் அங்குலமாக ஆட்டிக்கொண்டே போகிறாள், சத்தமில்லை, சீட்டுக்கு அடியில் இல்லை, பக்கவாட்டுக் குழாயில் இல்லை, கொசு பிடுங்குகிறது, பிடுங்கட்டுமே, நான் மூச்சை அடக்கிக்கொண்டு டார்ச் பிடிக்கிறேன், என் கை நடுங்குகிறது, அக்கா பையன் எஞ்சினை இரண்டு கையாலும் பிடித்து உலுக்குகிறான், பீப்! ஐயோ, அந்தப் பீப்! திரும்ப உலுக்கு, பீப்! கேபிள் டை இறுக்கிய இடத்தில் ஒரு பிராக்கெட் விளிம்பு ஒயர் தோலை அறுத்திருக்கிறது, உள்ளே செம்பு மினுக்கென்று சிரிக்கிறது, நான் கத்திய கத்தலில் விடுதி ஜன்னல்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன!

முடிந்ததா? இல்லையே! எஞ்சின் ஏன் அவ்வளவு ஆட வேண்டும்? ஸ்பேனர் போட்டுப் பார்த்தால் மவுண்ட் போல்ட் ஒன்று தளர்ந்திருக்கிறது! போல்ட் தளர்ந்ததால் எஞ்சின் ஆடி, எஞ்சின் ஆடியதால் ஒயர் உரசி, ஒயர் உரசியதால் ஸ்பார்க் செத்து... கரண்டுக் கோளாறுக்கு அப்பன் மெக்கானிக்கல் கோளாறு! நைலாக் நட்டு போட்டு முறுக்கினார்கள், ஒயருக்கு ஸ்லீவ் மாட்டி வேறு வழியாகக் கொண்டுபோனார்கள், கயிற்றை இழுத்தார்கள், வண்டி மேட்டில் ஏறித் தாவி விழுந்து, புழுதி கிளப்பி, நிற்காமல் உறுமிக்கொண்டே ஓடியது. நானும் பின்னாலேயே ஓடினேன், இந்த வயசில், இந்தத் தொப்பையோடு!

மறுநாளே ஒரு மல்டிமீட்டர் வாங்கிவிட்டேன். எங்கள் தெருவில் எல்லா வண்டியும் ஒழுங்காக ஓடித் தொலைக்கிறது. உங்கள் வீட்டில் நின்றுபோன வண்டி ஏதாவது இருக்கிறதா? யாரையும் தொடவிடாதீர்கள், இதோ கிளம்பிவிட்டேன்!