மேட்டில் கொதிக்கும் லாரி

தொப்பூர் கணவாயில் லோடோடு ஏறும்போது ஹீட் முள் சிவப்பைத் தொடுகிறது. சமவெளியில் வேகம் பிடித்ததும் இறங்கிவிடுகிறது. இதைக் கேட்டதுமே அனுபவப்பட்ட லாரி மெக்கானிக் முதலில் ஃபேனைத்தான் பார்ப்பார். வேகமாக ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். சின்ன கியரில் ஊர்ந்து ஏறும்போது ஃபேனை விட்டால் வேறு துணை இல்லை.

அவர் சோதிக்கும் விதமே அழகு. இன்ஜினை அணைத்துவிட்டு, இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைப்பார்; ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. பிறகு கையால் சுற்றிப் பார்ப்பார். இன்ஜின் சூடாக இருக்கும்போது ஃபேன் கைக்குக் கனக்க வேண்டும். தடையே இல்லாமல் சுழன்றால், ஃபேன் கிளட்சுக்குள் இருக்கும் சிலிக்கோன் ஆயில் கசிந்திருக்கும். கிளட்ச் ஓரத்தில் பிசுபிசுவென்று அப்பியிருக்கும் புழுதியே அதற்குச் சாட்சி.

புது ஃபேனை மாட்டுவதிலும் நுணுக்கம் உண்டு. இறக்கை, ரேடியேட்டர் வழியாகக் காற்றை இன்ஜின் பக்கம் இழுக்க வேண்டும். முன்பின்னாக மாட்டினால் காற்று குறைந்துவிடும். ஃபேனைச் சுற்றியுள்ள கூடு உடைந்திருந்தாலும் புது ஃபேனால் பலன் குறைவுதான். சென்சார் இல்லாத பழைய வண்டியின் நோயை விரல் நுனியால் கண்டறியும் இந்த அறிவு, பெரும் மரியாதைக்குரியது.