யாருடைய ஐந்து மணி?

21 நாள் சேலஞ்ச் அம்பத்தூர், ஆவடி அடுக்ககங்களின் வாட்ஸ்அப் குழுக்களோடு நிற்கவில்லை, தொழிற்பேட்டைக்குள்ளும் வந்துவிட்டது. பாதுகாப்பு வாரத்துக்குக் கட்டிய பேனரை அவிழ்த்த கையோடு அதே சுவரில் ‘நல்ல பழக்கங்கள்’ பேனர் ஏறுகிறது. பயிற்சியாளர் வருகிறார். ஐந்து மணிக்கு எழுந்திரு, பத்தாயிரம் அடி நட, தினம் பத்துப் பக்கம் படி என்கிறார். “ஷிப்ட் வேலையில இதெல்லாம் எப்படி சார்?” என்று யாராவது கேட்டால், அது சாக்கு என்று முடித்துவிடுகிறார். அந்தப் பதில்தான் தவறு.

பழக்க நூல்களில் சரக்கே இல்லை என்று சொல்லமாட்டேன். ஜேம்ஸ் கிளியரின் ‘அட்டாமிக் ஹாபிட்ஸ்’ (2018) பெரிய சபதங்களை ஒதுக்கிவிட்டுச் சின்னச் செயலில் தொடங்கச் சொல்கிறது. மனவுறுதியை நம்பாதே, சுற்றுப்புறத்தை மாற்று என்கிறது. புத்தாண்டில் சபதம் எடுத்துப் பொங்கலுக்குள் கைவிடும் நமக்கு அது தேவையான யோசனை. 21 நாளில் ஒரு பழக்கம் படிந்துவிடும் என்ற கணக்குக்கு ஆதாரம் கிடையாது என்பதும் பலருக்குத் தெரிந்ததே. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், அறுவைக்குப் பின் நோயாளிகள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-ல் எழுதினார். ‘குறைந்தது’ உதிர்ந்துபோய் 21 மட்டும் தங்கிவிட்டது. நாள் கணக்கு பிசகினால் குடிமுழுகிப் போகாது. கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலி குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வைப் பயிற்சியாளர்கள் விரும்பிக் காட்டுகிறார்கள்: 96 பேர், 12 வாரம், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள், ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. எண்களை ஒப்பிப்பவர்கள் நிபந்தனையை விழுங்கிவிடுகிறார்கள். தேர்ந்துகொண்ட செயலை அந்த 96 பேரும் ஒவ்வொரு நாளும் ஒரே சூழ்நிலையில் செய்ய வேண்டியிருந்தது. காலை உணவுக்குப் பிறகு, என்பதுபோல. பழக்கம் ஒட்டிக்கொள்ள மாறாத ஒரு வேளை வேண்டும். அந்த வேளை யார் கையில் இருக்கிறது?

காலை ஆறரைக்குப் பட்டரவாக்கம் ரயில் நிலையத்தில் நின்று பாருங்கள். இரவு பத்து மணிக்கு உள்ளே போனவர்கள் ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருப்பார்கள். வழியில் கடையில் பொங்கல் வடை சாப்பிடுவார்கள். நமக்கு அது காலை டிபன், அவர்களுக்கு ராச்சாப்பாடு. அதே நேரத்தில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் மூன்றாவது சுற்று நடப்பவர்களின் ‘ஐந்து மணி’ இவர்களுக்கு மெஷின் முன்னால் கழிந்தது. அதுவும் நிலையாக இருந்தாலாவது பரவாயில்லை. பல ஆலைகளில் இந்த வாரம் ஆறு–இரண்டு, அடுத்த வாரம் இரண்டு–பத்து, அதற்கடுத்து பத்து–ஆறு. ஒரு பழக்கம் முளைவிடும் நேரத்தில் வாரம் மாறிவிடுகிறது.

மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். மருந்துச் சீட்டில் 1-0-1, சாப்பாட்டுக்கு முன் என்று இருக்கிறது. நைட் ஷிப்ட் முடித்து வந்தவருக்குக் காலை மாத்திரை எது? தூங்கப் போகும்போது போடுவதா, மத்தியானம் எழுந்து போடுவதா? சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் சர்க்கரை இறங்கிவிடும். பயந்துகொண்டு ஒரு வேளையை விடுகிறார். அடுத்த வாரம் நேரம் மாறியதும் இன்னொரு வேளை போகிறது. டாக்டர் திட்டுகிறார், பயிற்சியாளர் ‘ஒழுக்கம்’ என்கிறார். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இரவு ஷிப்டை 2007-லேயே புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் வைத்தது; 2019-ல் அதை உறுதிசெய்தது. உடம்பே ஒத்துழைக்க மறுக்கும் ஏற்பாட்டுக்குள் ஆளை நிறுத்திவிட்டு, பழக்கம் போதவில்லை என்று அவர் தலையில் குற்றத்தைக் கட்டுகிறோம்.

தமிழக அரசும் இதே பாட்டைத்தான் பாடியது. 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில்தான் ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதால் மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். 12 மணி நேரம் நின்று வேலை பார்த்தவர் அந்தப் பாதையில் எப்போது நடப்பார்? அதே அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ (2021) வேறு மாதிரி யோசித்தது. மாதாமாதம் மருத்துவமனைக்கு வர மறக்கிறவரைக் குறை சொல்லாமல், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தது. சுற்றுப்புறத்தை மாற்று என்ற புத்தக வாக்கியத்தை உண்மையில் செய்துகாட்டியது அதுதான்.

ஷிப்டிலும் ஜெயித்தவர்கள் இருக்கிறார்களே என்பார்கள். இருக்கிறார்கள். நைட் முடித்து வந்தும் விடாமல் நடந்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, புத்தகம் படிப்பவர் வீட்டில் பகல் பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது யார்? மூன்று ஷிப்டுக்கும் மூன்று நேரத்தில் உலை வைப்பது யார்? அவர் மனைவிக்கு ஐந்து மணி கிளப்பில் யாரும் சான்றிதழ் கொடுப்பதில்லை. அவர் நாலரைக்கே எழுந்துவிட்டவர். தனிமனித சாதனை என்று மேடையேறும் பழக்கத்தில் பெரும்பகுதி இன்னொருவரின் வேலை. நேரம் தங்கள் கையில் உள்ளவர்கள், நேரத்தை விற்றுப் பிழைப்பவர்களுக்குச் செய்யும் உபதேசம்தான் பழக்க நூல். எத்தனை பதிப்பு கண்டாலும் அது அப்படித்தான் இருக்கும்.

ஆகவே பேனர் கட்டுகிற நிர்வாகத்துக்கு இரண்டே கேள்வி. அடுத்த மாத ஷிப்ட் பட்டியலை இந்த மாதமே நோட்டீஸ் போர்டில் ஒட்டுவீர்களா? வாராவாரம் மாற்றாமல் ஒருவரை ஒரு மாதமாவது ஒரே ஷிப்டில் விடுவீர்களா? முடியும் என்றால் பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள். கேட்க ஆள் இருக்கும். முடியாது என்றால் அவருக்குக் கொடுக்கும் பணத்தைக் கேன்டீனுக்குச் செலவழியுங்கள், தொழிலாளியின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசாதீர்கள்.