வாகனத் தணிக்கை: நிற்காத வண்டிக்கு என்ன தண்டனை?

2023 ஆகஸ்ட் 1, அதிகாலை மூன்றரை மணி. செங்கல்பட்டு மாவட்டம் கூடுவாஞ்சேரியை அடுத்த காரணைப்புதுச்சேரியில், அருங்கால் சாலையில் போலீஸார் வாகனத் தணிக்கையில் இருந்தார்கள். வேகமாக வந்த கறுப்பு ஸ்கோடா கார் நிற்கவில்லை. உதவி ஆய்வாளர் மீது மோத வந்து, போலீஸ் ஜீப்பில் இடித்து நின்றது. இறங்கிய நான்கு பேரும் ஆயுதங்களோடு பாய்ந்தார்கள். முதல் வெட்டு உதவி ஆய்வாளரின் இடது கையில் விழுந்தது. அடுத்த வெட்டு தலைக்கு வர, அவர் குனிந்துகொண்டதால் தொப்பியோடு போயிற்று. ஆய்வாளரும் உதவி ஆய்வாளரும் சுட்டார்கள். பல கொலை வழக்குகளில் தொடர்புடையவர்கள் என்று சொல்லப்பட்ட சோட்டா வினோத், ரமேஷ் ஆகிய இருவர் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு, இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டார்கள். மற்ற இருவர் இருட்டில் தப்பினார்கள். இது தாம்பரம் மாநகரக் காவல்துறை சொன்ன விவரம்.

அன்றே விவாதம் இரண்டாகப் பிரிந்தது. "எத்தனை குடும்பத்தை அழித்தவர்கள், தொலைந்தார்கள்" என்றது ஒரு தரப்பு. "எல்லா என்கவுன்ட்டருக்கும் இதே கதைதான்" என்றது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் பேசியது செத்தவர்களின் யோக்கியதையையும் சுட்டவர்களின் நோக்கத்தையும் பற்றித்தான். இந்தச் சாவுகள் நடந்த இடமான வாகனத் தணிக்கையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. தினம் இரவு ஜி.எஸ்.டி. சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஆயிரக்கணக்கானவர்கள் கடந்துபோகிற அந்த ஏற்பாட்டுக்குள்தான் சிக்கலின் வேர் இருக்கிறது.

முதலில் அதன் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். தணிக்கையே வேண்டாம் என்பவர்கள் பண்டிதமேட்டை நினைத்துப் பார்க்கட்டும். 2024 நவம்பர் 27 அன்று, மாமல்லபுரத்துக்குப் போகும் பழைய மகாபலிபுரம் சாலையோரத்தில் மாடு மேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஐந்து பெண்கள் மீது கட்டுப்பாடிழந்த கார் ஏறியது. ஐந்து பேரும் அங்கேயே இறந்தார்கள். சனி, ஞாயிறுகளில் முட்டுக்காடு தொடங்கி மாமல்லபுரம் வரை பைக் பந்தயம் விடுகிறவர்களையும், விடுதியில் குடித்துவிட்டு நள்ளிரவில் ஸ்டியரிங் பிடிப்பவர்களையும் தடுக்க ஒரு டார்ச்சும் ஒரு ஊதுகருவியும் ஒரு பேரிகார்டும்தான் இருக்கின்றன. கஞ்சா, திருட்டு வண்டி, கடத்தப்பட்ட ஆள் என்று பல வழக்குகள் துலங்குவதும் இந்தத் தணிக்கையில்தான். வேறு எந்தப் போலீஸ் வேலையும் இவ்வளவு மலிவாக இவ்வளவு பேரைக் காப்பாற்றுவதில்லை.

நிற்கிற போலீஸாரின் உயிரும் லேசுப்பட்டதல்ல. 2020 ஜனவரி 8 அன்று களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 நவம்பர் 21 அதிகாலையில், நவல்பட்டு காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், ஆடு திருடிக்கொண்டு போனவர்களை பைக்கில் தனியாகத் துரத்திப்போய், புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். இரவு ரோந்துக்குத் துப்பாக்கியோடு போகும்படி அப்போதைய டி.ஜி.பி. அறிவுறுத்தினார். காரணைப்புதுச்சேரியில் அரிவாள் வீச்சைக் கண்டதும் சுட்டார்கள் என்பது உண்மையானால், அதில் குற்றம் காண யாருக்கும் உரிமையில்லை. தன்னுயிரைக் காத்துக்கொள்ளும் உரிமை சீருடை போட்டதும் போய்விடாது.

ஆனால் தணிக்கையில் செத்தவர்கள் எல்லாரும் அரிவாளோடு இறங்கியவர்களா?

2018 மார்ச் 7 இரவு, திருச்சி துவாக்குடி. ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன பைக்கைப் போக்குவரத்து ஆய்வாளர் ஒருவர் துரத்திப் போனார். திருவெறும்பூர் கணேசா ரவுண்டானா அருகே அந்த வண்டியை அவர் எட்டி உதைத்தார் என்பது கணவரின் புகார். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி சாலையில் விழுந்து இறந்தார். ஊர் திரண்டு தேசிய நெடுஞ்சாலையை மறித்தது, போலீஸ் தடியடி நடத்தியது. ஆய்வாளர் கைதாகி, பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அன்று ஹெல்மெட் போடாததற்கு அபராதம் 100 ரூபாய்.

2021 ஜூன் 22, சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடி. ஊரடங்குக் காலம். உள்ளூரில் மதுக்கடை மூடியிருந்ததால் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்க் குடித்துவிட்டுத் திரும்பியவர்களில் ஒருவரை, நடுரோட்டில் சிறப்பு உதவி ஆய்வாளர் லத்தியால் அடித்தார். கூட வந்தவர்கள் கெஞ்சுவது அவர்கள் எடுத்த வீடியோவிலேயே கேட்கிறது. அடிபட்டவர் மறுநாள் இறந்தார். அந்த வீடியோ ஊரெங்கும் பரவிய பிறகு கொலை வழக்குப் பதிவாகி, அடித்தவர் கைதானார்.

2022 ஏப்ரல் 18 இரவு, சென்னை கெல்லீஸ் சந்திப்பு. ஆட்டோவில் வந்த இரண்டு இளைஞர்கள் வாகனத் தணிக்கையில் பிடிபட்டார்கள். அவர்களில் மெரினாவில் குதிரை ஓட்டிப் பிழைத்த ஒருவர் மறுநாள் காவலில் இறந்தார். வலிப்பு வந்தது என்று முதலில் சொல்லப்பட்டது. உடற்கூறாய்வு 13 காயங்களைக் காட்டியது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாறி, கொலைக் குற்றச்சாட்டில் போலீஸார் கைதானார்கள்.

இந்த மூன்றையும், பூமிநாதனின் சாவையும், காரணைப்புதுச்சேரியையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். அபாயம் தணிக்கையில் இல்லை. கை காட்டியும் வண்டி நிற்காத அந்த நொடியிலோ, நின்றவன் எதிர்த்துப் பேசிய அந்த நொடியிலோதான் இருக்கிறது. அதுவரை சட்டப்படி நடந்த காரியம் அந்த நொடியில் மான அவமானப் பிரச்சினையாகிவிடுகிறது. "நான் கை காட்டியும் நிற்காமல் போறியா?" என்ற கோபம் பைக்கை முடுக்குகிறது, லத்தியை ஓங்குகிறது. அந்தக் கோபத்துக்கு எதிரில் இருப்பது ஹெல்மெட் போடாத குடும்பமா, அரிவாள் வைத்திருப்பவனா என்பது தெரியாது. முதலாவதாக இருந்தால் பொதுமக்களில் ஒருவர் சாகிறார். இரண்டாவதாக இருந்தால் போலீஸ்காரர் சாகிறார்.

இத்தனைக்கும் சட்டம் துரத்தச் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆம் பிரிவைப் பாருங்கள்: வண்டியை ஓட்டியது யார் என்று காவல்துறை கேட்டால், உரிமையாளர் சொல்லியாக வேண்டும். அதிகாரியின் உத்தரவை மதிக்காததற்கு 179-ஆம் பிரிவின் கீழ் அபராதம், 2019 திருத்தத்துக்குப் பின் 2,000 ரூபாய். இ-சலான் கருவியில் பதிவு எண்ணைத் தட்டினால் உரிமையாளர் விவரம் வந்துவிடுகிறது. காலையில் வீட்டுக் கதவைத் தட்டி வசூலிக்கக்கூடிய அபராதத்துக்காக இரவில் உயிரைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. எண் பலகை இல்லாத வண்டி, திருட்டு வண்டி என்றால் என்ன செய்வது என்பார்கள். அடுத்த சாவடிக்கு வயர்லெஸ்ஸில் தகவல் சொல்லி, ஆள் பலத்தோடு மறிப்பதுதான் அதற்கு வழி. பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டாமல் ஜி.எஸ்.டி. சாலையில் எவ்வளவு தூரம்தான் ஓடிவிட முடியும்?

இனி துப்பாக்கிக்கு வருவோம். கைது செய்யத் தேவையான பலத்தைப் பயன்படுத்த போலீஸுக்கு உரிமை உண்டு. ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைது செய்வதற்காகக் கொல்லும் உரிமை இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு சொன்னது இது. இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. என்கவுன்ட்டர் சாவுகளுக்கு உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பர் 23 அன்று, மனித உரிமை அமைப்பான பி.யு.சி.எல். தொடுத்த வழக்கில், 16 நெறிமுறைகளை வகுத்தது: முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையமோ விசாரிக்க வேண்டும். நடுவர் விசாரணை நடக்க வேண்டும். உடற்கூறாய்வைப் படம் பிடிக்க வேண்டும். சுட்டவருக்கு உடனடிப் பதவி உயர்வோ வீர விருதோ தரக் கூடாது.

காகிதத்தில் இவை நல்ல விதிகள். குறை எங்கே என்றால், விசாரணை முடிவை மக்கள் முன் வைக்கவேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. காவல்துறையின் செய்திக்குறிப்பு காலைச் செய்தியாக எல்லா வீட்டுக்கும் வருகிறது. நடுவரின் முடிவு எப்போது வந்தது, என்ன சொன்னது என்பது பெரும்பாலும் கோப்பிலேயே தங்கிவிடுகிறது. இதனால் உண்மையிலேயே தற்காப்புக்காகச் சுட்ட அதிகாரியும் சந்தேகத்தோடுதான் காலம் தள்ள வேண்டியிருக்கிறது. நேர்மையான போலீஸ்காரருக்கும் இந்த மௌனம் நல்லதல்ல.

"கார் எங்கள் மேல் ஏற வந்தது" என்ற வாக்குமூலம் உலகெங்கும் உண்டு. காரணைப்புதுச்சேரிக்கு ஒரு மாதம் முன்பு, 2023 ஜூன் 27 அன்று, பாரிஸை ஒட்டிய நான்டேர் நகரில் நாஹேல் என்ற 17 வயதுப் பையனைப் போக்குவரத்துத் தணிக்கையில் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். காரை ஏற்ற வந்தான் என்பதுதான் முதலில் வெளிவந்த செய்தி. வழிப்போக்கர் ஒருவர் எடுத்த வீடியோவில், போலீஸ்காரர்கள் காரின் பக்கவாட்டில் நின்றிருந்தார்கள். பிரான்ஸ் பல நாள் எரிந்தது. நிற்காத வண்டி மீது சுடுவதற்கான விதியை அந்த நாடு 2017-இல் தளர்த்தியிருந்தது. 2022-இல் மட்டும் அங்கே இப்படி 13 பேர் இறந்தார்கள். அங்கே அப்படி நடந்ததால் இங்கேயும் அப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. இரண்டு இடத்திலும் உண்மையைப் பிரித்துக் காட்டக்கூடியது ஒரு கேமரா பதிவுதான் என்று சொல்ல வருகிறேன். சேலத்திலும் அதுதான் நடந்தது. காவல் நிலையங்களில் சி.சி.டி.வி. கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. அடி விழுகிற சாலைக்கு அந்த உத்தரவு எட்டவில்லை.

இனி கைதட்டுகிற நம்மைப் பற்றி. போலீஸ் பிடித்தவன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு நிற்கிற படத்தைப் பார்த்துச் சிரிக்கப் பழகிவிட்டோம். வழக்கு இருபது வருடம் இழுக்கிறது, சாட்சி பிறழ்கிறான், ஜாமீனில் வந்தவன் அடுத்த கொலைக்குப் போகிறான் என்ற ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. அதை மனித உரிமை பேசுகிறவர்கள் இளக்காரமாகத் தள்ளிவிடுவது தவறு. ஆனால் அந்த ஆதங்கத்துக்கு மருந்து துப்பாக்கிதானா? 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, பாலியல் கொலை வழக்கில் கைதான நான்கு பேர் சுடப்பட்ட இடத்தில் போலீஸார் மீது மக்கள் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல், கொல்லும் நோக்கத்தோடு சுட்டார்கள் என்று முடிவு சொல்லி, பத்து போலீஸார் மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. பூத்தூவிய கைகள் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டன.

கூடுவாஞ்சேரி, ஒரகடம், மறைமலை நகர் வட்டாரத்தில் ரௌடி எப்படி உருவாகிறான் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். விவசாய நிலம் மனையாகி விலை ஏறியது. தொழிற்சாலைகள் வந்தன, பழைய இரும்புக் கழிவை எடுக்கும் ஒப்பந்தத்துக்கும் ஆள் அனுப்பும் ஒப்பந்தத்துக்கும் போட்டி வந்தது. போட்டிக்கு அரிவாள் தேவைப்பட்டது, அரிவாளுக்கு மேலிடத்து நிழல் தேவைப்பட்டது. என்கவுன்ட்டரில் சாவது அரிவாள் பிடித்த கை. ஒப்பந்தமும் நிழலும் பத்திரமாக இருக்கின்றன. காலியான இடத்துக்கு அடுத்த பையன் வந்துவிடுகிறான். போனவன் உயிரோடு கூண்டில் ஏறியிருந்தால் யார் பெயரைச் சொல்லியிருப்பானோ, அந்தப் பெயரும் அவனோடு புதைந்துபோகிறது.

ஆக, என் தீர்ப்பு இது. வாகனத் தணிக்கை வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் கூடுதலாகவே வேண்டும். ஹெல்மெட், லைசென்ஸ், குடிபோதை போன்றவற்றுக்கு நிற்காத வண்டியைத் துரத்துவதும், நின்றவர் மேல் கை வைப்பதும் அறவே நிற்க வேண்டும். இரவுத் தணிக்கைக்குத் தனி ஆளாகவோ இரண்டு பேராகவோ யாரையும் அனுப்பக் கூடாது. உடல் கேமரா ஓடாமல் தணிக்கை நடக்கக் கூடாது. சாவு நேர்ந்தால் அந்தப் பதிவு அன்றே நடுவர் கைக்குப் போக வேண்டும். துப்பாக்கிச் சூட்டு விசாரணை அறிக்கைக்குக் கெடு வைத்து, அதை மக்களுக்கு வெளியிட வேண்டும். 2013-ஆம் ஆண்டுக் காவல் சீர்திருத்தச் சட்டத்தில் போலீஸ் மீதான புகாரை விசாரிக்கும் ஆணையத்துக்கு உள்துறைச் செயலரையே தலைவராக்கியிருக்கிறார்கள். பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் கேட்டது ஓய்வுபெற்ற நீதிபதியை. அதைத் திருத்த சட்டமன்றம் கூட வேண்டும், காலம் ஆகலாம். "துரத்தாதே, எண்ணைக் குறித்துக்கொள்" என்று சொல்ல சட்டமன்றம் தேவையில்லை. டி.ஜி.பி. அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும். அதை இந்த மாதமே அனுப்பலாம்.