மறுப்பும் வியப்பும் தரகும்: ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ – வாசக எதிர்வினை நோக்கில் ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

நகரத்தின் விளிம்பில் வாழ்வோரைப் பூச்சின்றிக் காட்டும் புதினங்களைத் தமிழ் வாசகர் எதிர்கொண்ட முறைகளுள் மறுப்பும் வியப்பும் முதன்மையானவை. ஒன்றுக்கொன்று எதிரானவைபோல் தோன்றினும், இவ்விரண்டும் பனுவலிலிருந்து விலகிச் செல்லும் வழிகளே என்பதை ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974) என்னும் புதினத்தை முன்வைத்து இக்கட்டுரை வாதிடுகிறது. தொல்காப்பியம் கூறும் கேட்போர், களன், எச்சம் ஆகிய செய்யுளுறுப்புகளின் துணையுடன், வாசிப்பு நிகழும் இடம் வாசிப்பின் பொருளை மாற்றும் என்பதையும், ஓசூர் – கிருஷ்ணகிரித் தொழிற்பகுதியிலிருந்து வாசிக்கும்போது இப்புதினத்தின் நடுநரம்பாகத் ‘தரகு’ வெளிப்படுவதையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: வாசக எதிர்வினை, எச்சம், களன், நகர்ப்புறப் புதினம், தரகு, ஒப்பந்த உழைப்பு, ஓசூர்.

முன்னுரை

ஜி. நாகராஜன் (1929–1981) எழுதிய நூல்கள் எண்ணிக்கையில் மிகச் சில. ‘குறத்தி முடுக்கு’ (1963), ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974) ஆகிய இரண்டும், சிறுகதைகள் சிலவுமே அவருக்குத் தமிழ்ப் புனைகதை வரலாற்றில் நீங்கா இடத்தைப் பெற்றுத் தந்தன. கணித ஆசிரியராகப் பணியாற்றிய அவர், மதுரையின் சந்துகளில் பாலியல் தொழிலையும் கள்ளச்சாராயத்தையும் கூட்டிக்கொடுத்தலையும் பிழைப்பாகக் கொண்டோரை எழுதினார். அவரை முதலில் ஏற்றுக்கொண்டது சிற்றிதழ் சார்ந்த சிறு வாசகர் வட்டமே. பின்னர்ச் சுந்தர ராமசாமி முதலானோரின் நினைவுப் பதிவுகள், காலச்சுவடு வெளியிட்ட தொகுப்பு, 2010இல் பெங்குவின் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு ஆகியவற்றின் வழியே அவ்வட்டம் விரிந்தது.

இவ்விரிவு புதினத்தின் வாசிப்பையும் ஆழப்படுத்தியதா என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கம். ஒரு நூல் பலரால் வாசிக்கப்படுவது வேறு. அது கோரும் முறையில் வாசிக்கப்படுவது வேறு.

1. கேட்போர், களன், எச்சம்

வாசகரை மையப்படுத்தும் திறனாய்வு மேலை நாட்டிலிருந்து வந்ததாகவே நம் ஆய்வேடுகளில் பெரும்பாலும் அறிமுகம் செய்யப்படுகிறது. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் 1967இல் ஹான்ஸ் ராபர்ட் யாஸ் ஆற்றிய உரை அதன் பிறப்பிடமாகக் காட்டப்படுகிறது. ஒரு படைப்பு வெளிவரும் காலத்து வாசகரிடம் ஏற்கெனவே இருக்கும் எதிர்பார்ப்புகளின் எல்லையை அப்படைப்பு எவ்வளவு தூரம் கடக்கிறது என்பதே அவர் முன்வைத்த அளவுகோல்.

இக்கருத்தைப் பயன்படுத்துவதில் தடையில்லை. ஆயினும், தொல்காப்பியச் செய்யுளியல் வகுக்கும் முப்பத்து நான்கு உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம் ஆகியன இடம்பெற்றிருப்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். கேட்போரைச் செய்யுளுக்கு வெளியே நிற்பவராகக் கருதாமல் செய்யுளின் உறுப்பாகவே கொண்ட மரபு இது. களன் என்பது கூற்று நிகழும் இடம். எச்சம் என்பது சொல்லப்படாது விடப்பட்டு, கேட்போரால் நிறைவு செய்யப்படுவது. செய்யுளுக்கு உரைத்த இவற்றைப் புதினத்திற்கு நீட்டும்போது பொருள் சற்று விரிவடைகிறது: புனைவுக்குள் ஒரு களன் இருப்பதுபோல் வாசிப்புக்கும் ஒரு களன் உண்டு. இவ்விரு களன்களும் சந்திக்கும் இடத்தில்தான் எச்சம் நிரம்புகிறது.

2. மறுப்பு என்னும் எதிர்வினை

தமிழில் வாசக எதிர்வினை படைப்பின் போக்கையே மாற்றிய நிகழ்வுகள் உண்டு. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தபோது எழுந்த எதிர்ப்பு நன்கறியப்பட்டது. முன்பின் அறியாத ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் நீரூற்றி, அவளைத் தூயவள் என்று தேற்றும் தாயைப் பலரால் ஏற்க இயலவில்லை. அத்தாய் வேறுவிதமாக நடந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதையே ஜெயகாந்தன் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்னும் புதினமாக விரித்தார். அச்சிறுகதையும் அதனை எழுதியவரும் அப்புதினத்துக்குள்ளேயே இடம்பெறுகின்றனர். 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதும் அப்புதினத்திற்குக் கிடைத்தது. இங்கு வாசகரின் மறுப்பு படைப்புக்கு உரமாயிற்று.

இதற்கு மறுதலையாக அமைந்தது பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) எதிர்கொண்ட நிலை. 2014இன் இறுதியில் திருச்செங்கோட்டில் எழுந்த எதிர்ப்பு, 2015 சனவரியில் எழுத்தாளர் தம் எழுத்து வாழ்வையே முடித்துக்கொள்வதாக அறிவிக்கும் அளவுக்குச் சென்றது. 2016 சூலை 5ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு அவருக்கு எழுதும் உரிமையை மீட்டுத் தந்தது. பிடிக்காத நூலை வாசகர் ஒதுக்கிவிடலாம், எழுதியவரை ஒடுக்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

சட்ட நோக்கில் இதனினும் தெளிவான நிலைப்பாடு இருக்க இயலாது. ஆனால் இலக்கிய நோக்கில் அது தொடக்கமே. இதற்கு அரைநூற்றாண்டுக்கு முன்பே, ‘குறத்தி முடுக்கு’க்கு எழுதிய சிறு முன்னுரையில் ஜி. நாகராஜன் வாசகர்முன் வேறொரு நிபந்தனையை வைத்திருந்தார். தாம் காட்டுபவை நிகழாதிருக்கலாகாதா என்று வாசகர் ஏங்குவதை அவர் ஏற்கிறார். அவற்றை எழுதுவானேன் என்ற கேள்விக்குள் ஒளிந்துகொள்வதை ஏற்க மறுக்கிறார். தாம் விரும்பிய அளவுக்குச் சொல்ல இயலாமற்போனதே தம் குறை என்றும் தெரிவிக்கிறார்.

நீதிமன்றம் வாசகருக்கு அளிப்பது விலகும் உரிமை. நாகராஜன் கேட்பது விலகாதிருக்கும் பொறுப்பு. முன்னது இல்லையேல் எழுத்தாளர் வாழ இயலாது. பின்னது இல்லையேல் எழுத்து வாழ இயலாது. இவ்வேறுபாட்டை நம் திறனாய்வு போதிய அளவு கவனிக்கவில்லை. கருத்துரிமை காக்கப்பட்டதும் வாசிப்பும் நிகழ்ந்துவிட்டதாக நாம் கொள்கிறோம்.

3. வியப்பு என்னும் எதிர்வினை

‘நாளை மற்றுமொரு நாளே’ புதினத்தைப் பொறுத்தவரை இன்று மறுப்பைக் காட்டிலும் மிகுந்திருப்பது வியப்பே. அது இருவகைப்படும்.

முதல்வகை ஆசிரியரின் வாழ்வை நோக்கியது. நாகராஜனின் குடி, வேலையிழப்பு, வறுமை, மரணம் ஆகியவற்றைப் பற்றிய செய்திகள் புதினத்திற்கு முன்னரே வாசகரை வந்தடைகின்றன. தான் வாழ்ந்ததையே எழுதினார் என்னும் பாராட்டு, புதினத்தை ஆசிரியர் வாழ்வின் அடிக்குறிப்பாகச் சுருக்கிவிடுகிறது. தேர்ந்தெடுத்தல், விலக்குதல், அடுக்குதல் ஆகிய கலைச்செயல்கள் மறைந்து, ‘துணிவு’ மட்டுமே எஞ்சுகிறது.

இரண்டாம்வகை புதினத்தை ஆவணமாகக் கொள்வது. விளிம்புநிலை மக்களின் வாழ்வியல் என்னும் தலைப்பில் உணவு, உடை, தொழில், மொழி எனப் பகுத்துத் தரவு திரட்டும் முறை நம் ஆய்வேடுகளுக்குப் பழகியது. இம்முறையில் கந்தனும் மீனாவும் தகவலாளிகள் ஆகின்றனர். ‘அவர்கள்’ இவ்வாறு வாழ்கின்றனர் என்ற அறிவு வாசகருக்குக் கிட்டுகிறது. ஆனால் அந்த ‘அவர்கள்’ என்னும் சொல்லே வாசகரைப் பாதுகாப்பான தொலைவில் நிறுத்திவிடுகிறது. மறுப்பவர் நூலை மூடி விலகுகிறார்; வியப்பவர் நூலைத் திறந்து வைத்துக்கொண்டே விலகுகிறார்.

4. கதைசொல்லியின் மௌனம்

இவ்விரு எதிர்வினைகளுக்கும் காரணம் புதினத்தின் கூற்றுமுறையிலேயே உள்ளது. கந்தன் என்னும் ஒருவனின் ஒருநாள் வாழ்க்கையே கதை. காலையில் தொடங்கி, அவன் சந்திக்கும் மனிதர்கள், குடிக்கும் சாராயம், பேசும் பேச்சுகள், எண்ணிப் பார்க்கும் பழைய நாள்கள் எனச் சென்று, காவல்துறையின் பிடியில் முடிகிறது. இந்நாள் முழுவதும் கதைசொல்லி எவரையும் பழிப்பதுமில்லை. எவருக்காகவும் பரிந்து பேசுவதுமில்லை. உரையாடல்கள் தம் போக்கில் ஓடுகின்றன.

ஜெயகாந்தனின் கதையில் தாய் ஒரு முடிவுக்கு வருகிறாள்; வாசகர் அம்முடிவோடு மோதினர். நாகராஜனிடம் மோதுவதற்கு முடிவு இல்லை. ஆகவே வாசகர் பொருளோடு மோதுகின்றனர், அல்லது ஆசிரியரின் வாழ்விடம் தஞ்சமடைகின்றனர். 1857இல் பிரான்சில் ஃபிளாபேரின் ‘மதாம் பொவாரி’ மீது நடந்த வழக்கை யாஸ் இத்தகையதோர் எடுத்துக்காட்டாகவே ஆள்கிறார். பாத்திரத்தின் உள்ளத்து எண்ணத்தை ஆசிரியரின் கருத்தாக அரசு வழக்கறிஞர் கொண்டமைக்கு, தீர்ப்புரைக்கும் கதைசொல்லியை எதிர்பார்த்துப் பழகிய வாசிப்பே காரணம். தொல்காப்பிய மரபில் கூறின், நாகராஜன் தீர்ப்பை எச்சமாக விட்டிருக்கிறார். அதனை நிரப்புதல் கேட்போர் கடன்.

5. ஓசூரிலிருந்து வாசித்தல்

இனி வாசிப்பின் களனுக்கு வருவோம். சிப்காட் நிறுவனம் 1971இல் தொடங்கப்பட்டது. அதன் தொடக்ககால வளாகங்களுள் ஒன்று ஓசூரில் அமைந்தது. இப்புதினமும் அதே பத்தாண்டில் வெளிவந்தது. 1980களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆகியவற்றின் தொழிற்சாலைகள் இங்கு இயங்கத் தொடங்கின. 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் இவ்வூருக்கு, ஜூஜூவாடியைக் கடந்ததும் கர்நாடகம். பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவே.

இவ்வூர் இலக்கியத்திற்குப் புதிதன்று. ஆதவன் தீட்சண்யாவும் பா. வெங்கடேசனும் இங்கு வாழ்ந்தே எழுதிவருபவர்கள். ஆயினும் இங்கு வாசகராக உருவாகும் இளைஞருள் கணிசமானோர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். ஷிப்ட் நேரத்தாலும் வாடகை வீட்டாலும் வரையறுக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து வருபவர்கள். இக்களனில் நின்று ‘நாளை மற்றுமொரு நாளே’ புதினத்தை வாசிக்கும்போது, பாலியல் தொழிலும் சாராயமும் சற்றுப் பின்னகர்ந்து, மற்றொன்று முன்வருகிறது. அதுவே தரகு.

கந்தன் எதனையும் உற்பத்தி செய்வதில்லை. ஒருவரை மற்றொருவரிடம் சேர்ப்பதும், அவ்விடைவெளியில் கைக்கு வருவதை எடுத்துக்கொள்வதுமே அவன் பிழைப்பு. அவனைச் சுற்றியுள்ளோரும் ஏதோ ஒருவகையில் இடைநின்று வாழ்பவர்கள். தனக்குப் பின் மீனாவின் கதி என்ன என்னும் கவலைகூட, அவளை யாரிடம் ஒப்படைப்பது என்னும் ஏற்பாடாகவே அவன் மனத்தில் உருக்கொள்கிறது. அன்பும் தரகின் மொழியிலேயே பேசவேண்டியுள்ள உலகம் அது. இப்புதினத்தின் துயரம் இவ்விடத்தில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

தொழிற்பகுதி வாசகருக்கு இம்மொழி அயலானதன்று. தொழிற்சாலைக்கும் தொழிலாளிக்கும் இடையே காண்ட்ராக்டர், அவருக்கும் ஊருக்கும் இடையே ஆள் சேர்க்கும் ஏஜென்ட், அவருக்கொரு கமிஷன் என அடுக்கடுக்கான இடைநிலைகள் வழியாகவே ஒப்பந்த உழைப்பு நகர்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது 1970இல். உழைப்பவர் ஒருவர், அவரை அனுப்புபவர் ஒருவர், வேலை வாங்குபவர் ஒருவர் என்னும் பிரிவை அச்சட்டமே வரையறுத்து ஒழுங்குபடுத்த முனைந்தது. புதினத்தில் ஒழுக்கக்கேடாகக் காணப்படும் அதே அமைப்பு, தொழிற்பேட்டையில் நிர்வாகமுறையாகக் காணப்படுகிறது. இரண்டும் ஒன்றே என்று கூறுவது மிகை. ஆனால் ஒன்றை அறிந்தவருக்கு மற்றொன்றை ‘அவர்கள் உலகம்’ என்று ஒதுக்குவது எளிதாக இராது.

தலைப்பும் இக்களனில் வேறு ஒலி பெறுகிறது. ஊர் நகராகி, நகர் மாநகராகும் வளர்ச்சிக் கதையில் நாளை என்பது இன்றைவிட மேலானது. ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா என்று காத்திருப்பவருக்கு நாளை என்பது மற்றுமொரு நாளே. நம்பிக்கையும் இல்லாது, அவநம்பிக்கையும் இல்லாது நிற்கும் அந்த ஏகாரத்தை மனத்தத்துவமாக மட்டும் கொள்ளாமல் பொருளியல் உண்மையாகவும் கொள்ள முடிகிறது.

6. இவ்வாசிப்பின் வரம்பு

இங்கு ஒரு தடை எழலாம். தரகை மையமாக்கினால் கந்தன் அமைப்பின் பலியாள் ஆகிவிடுவான், மீனா மறைந்துவிடுவாள். இத்தடை வலுவானது. கந்தன் தரகின் உலகில் சிக்கியவன் மட்டுமல்லன். அதில் ஆதாயம் பெறுபவனும் அவனே. கைமாற்றப்படுவது மீனாவின் உடல். ஒப்பந்த உழைப்போடு ஒப்பிடும்போது காண்ட்ராக்டரின் இடத்தில் நிற்பவன் கந்தன், தொழிலாளியின் இடத்தில் நிற்பவள் மீனா என்பதை விட்டுவிட்டால் ஒப்புமை பிழைபட்டுவிடும். புதினம் கந்தனின் நாளையே காட்டுகிறது. மீனாவின் நாள் எத்தகையது என்பது பெரும்பாலும் எச்சமாகவே நிற்கிறது. அதனை ஆசிரியரின் குறையாகக் கொள்வதா, வாசகருக்கு விடப்பட்ட இடமாகக் கொள்வதா என்பது தனித்து ஆராயத்தக்கது. தொழிற்பகுதிப் பெண் வாசகர் இவ்வெச்சத்தை வேறுவகையில் நிரப்பக்கூடும்.

முடிவுரை

மறுப்பு, வியப்பு ஆகிய இரண்டும் புதினத்தின் மௌனத்தைத் தாங்க இயலாத எதிர்வினைகள். முன்னது ஆசிரியரைக் குற்றவாளியாக்குகிறது. பின்னது ஆசிரியரைத் தொன்மமாகவும் மாந்தரைத் தரவாகவும் ஆக்குகிறது. இவற்றுக்கு அப்பால், தன் களனைப் பனுவலின் களனோடு வைத்து நோக்கும் வாசிப்பே கதைசொல்லி விட்டுச்சென்ற எச்சத்தைத் தொடுகிறது. ஓசூர்த் தொழிற்பகுதி அத்தகைய ஒரு களன். அது மட்டுமே அன்று. திருப்பூரிலோ எண்ணூரிலோ நின்று வாசிப்பவர் இப்புதினத்தில் வேறொரு நரம்பைக் காணலாம்.

இதனால் வகுப்பறைக்கும் ஒரு வேலை உண்டாகிறது. இத்தகைய புதினங்களைப் பாடமாக வைக்கலாமா என்னும் வினாவில் நாம் நீண்டகாலம் நின்றுவிட்டோம். மாணவர் எவ்விடத்திலிருந்து இவற்றை வாசிக்கின்றனர் என்று கேட்கத் தொடங்கினால், ‘விளிம்புநிலை மக்களின் வாழ்வியல்’ என்னும் ஆய்வுத் தலைப்புகளில் எவருடைய விளிம்பு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கும்.