தூணைப் பிடித்துச் சுழலும் பெண்: ‘ராஜி’ ஆடிப் பார்த்த அனுபவம்

வீடியோ கேம்களில் சுவர் பெரும்பாலும் தடையாக நிற்கும். தூண் ஒளிந்துகொள்ள உதவும். ‘ராஜி: அன் ஏன்ஷியன்ட் எபிக்’ விளையாட்டில் இரண்டுமே ஆயுதம். அசுரர்கள் சூழ்ந்துகொண்டால் சுவரை நோக்கி ஓட வேண்டும். ராஜி அதன்மேல் சில எட்டு ஏறி, உடலைத் திருப்பி, திரிசூலத்தோடு எதிரிகளின் நடுவே இறங்குவாள். பக்கத்தில் தூண் இருந்தால் அதைப் பிடித்துச் சுழன்று, நெருங்கி வந்தவர்களை எல்லாம் வாரி அடிப்பாள்.

புனேயில் உருவான இந்த ஆக்‌ஷன் அட்வென்ச்சர் விளையாட்டு 2020 ஆகஸ்ட் 18 அன்று நின்டெண்டோ ஸ்விட்ச்சில் முதலில் வெளியானது. அதே ஆண்டு அக்டோபரில் கணினிக்கும் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கருவிகளுக்கும் வந்தது. பழைய வெளியீடுதான். ஆனாலும் ஒரு மனித உடல் எப்படி அசையும் என்பதை இவ்வளவு யோசித்துச் செய்த இந்திய விளையாட்டு வேறொன்று என் கைக்கு வந்ததில்லை. டிவியோடு இணைக்காமல், ஸ்விட்ச்சைக் கையில் பிடித்தபடியே முழுவதும் ஆடி முடித்தேன்.

கதை

ராஜி திருவிழாக்களில் வித்தை காட்டிப் பிழைக்கும் சிறுமி. ரக்‌ஷா பந்தன் விழா நடக்கும் இரவில் அசுரர் படை ஊருக்குள் புகுந்து குழந்தைகளைத் தூக்கிப் போகிறது. அதில் அவள் தம்பி கோலுவும் ஒருவன். படையின் தலைவன் மகாபலாசுரன். துர்கை அவளுக்குத் திரிசூலத்தைத் தருகிறாள். தம்பியைத் தேடி ராஜி நடக்கிறாள். அவள் செய்வதைப் பார்த்தபடி துர்கையும் விஷ்ணுவும் தங்களுக்குள் பேசிக்கொள்வதே கதை சொல்லும் குரல்.

நம் பக்கத்து மாரியம்மன் பண்டிகையிலோ சந்தைத் திடலிலோ கழைக்கூத்து பார்த்தவர்களுக்கு ராஜியை உடனே அடையாளம் தெரியும். இரண்டு பக்கமும் மூங்கில் கவட்டை, நடுவில் கயிறு, கீழே அப்பாவின் மேளம், மேலே கோலைக் குறுக்கே பிடித்து நடக்கும் சிறுமி. அந்தச் சிறுமியின் கையில் ஒரு திரிசூலத்தைக் கொடுத்தால் எப்படிச் சண்டையிடுவாள்? போர்ப்பயிற்சி பெற்ற வீரனைப் போல நின்று வெட்டமாட்டாள். தனக்குத் தெரிந்த வித்தையை வைத்தே தப்பிப்பாள், தாவுவாள், அடிப்பாள். இந்த ஒரே யோசனையிலிருந்துதான் விளையாட்டின் கட்டுப்பாடு முழுவதும் பிறந்திருக்கிறது. ‘ராஜி’யின் பெருமையும் அதுதான்.

கைக்குள் எப்படி இருக்கிறது?

லேசாக அடிக்க ஒரு பொத்தான், ஓங்கி அடிக்க ஒன்று, தாவ ஒன்று, உருண்டு விலக ஒன்று. இதுவரை எல்லா விளையாட்டிலும் பழகியதுதான். சுவரில் ஓடுவதற்கோ தூணில் சுழல்வதற்கோ தனிப் பொத்தான் வைக்கவில்லை. எந்த இடத்தில் நின்றுகொண்டு அழுத்துகிறோம் என்பதே அசைவை முடிவு செய்கிறது. வெட்டவெளியில் வெறும் தாவலாக இருப்பது, சுவருக்குப் பக்கத்தில் சுவரேற்றமாகவும் தூணுக்குப் பக்கத்தில் சுழற்சியாகவும் மாறுகிறது. அந்த நொடியில் அடிக்கும் பொத்தானை அழுத்தினால் தாக்குதல் வெடிக்கிறது.

இது பழக்கத்துக்கு வந்ததும் நம் கண் மாறிவிடுகிறது. ஒரு முற்றத்துக்குள் நுழைந்தால் எதிரிகள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணத் தோன்றுவதில்லை. தூண் எங்கே, நீளமான சுவர் எந்தப் பக்கம், அவர்களை அங்கே இழுத்துக்கொண்டு போக வழி உண்டா என்று பார்க்கிறோம். ஒரு கூட்டத்தைத் தூண் பக்கம் திரட்டிக் கொண்டுவந்து ஒரே சுழற்சியில் சாய்த்துவிட்டு, தடுமாறி நிற்பவனைத் தனி அடியால் முடிக்கும்போது கிடைக்கும் நிறைவு, பொத்தானை வேகமாகத் தட்டி வெல்லும் சண்டையில் கிடைக்காது. அடி, பின்வாங்கல், சுவர், இறக்கம், தூண், சுழற்சி என்று நல்ல சண்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளம் உண்டு.

சுவரில் ஓடுவது உலகுக்குப் புதிதல்ல. 2003-இல் வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ அதை விளையாட்டு உலகின் பொதுச் சொத்தாக்கிவிட்டது. கையடக்கக் கருவிகளில் இதைவிடத் துணிச்சலான சோதனைகளும் நடந்திருக்கின்றன. 2012-இல் பிளேஸ்டேஷன் வீட்டாவுக்கு வந்த ‘கிராவிட்டி ரஷ்’ஷில் நாயகி கேட் புவியீர்ப்பின் திசையையே மாற்றுகிறாள், பறப்பதுபோலத் தெரிவதெல்லாம் அவள் விரும்பிய திசையில் விழுவதுதான். பிரேசிலின் லாங் ஹேட் ஹவுஸ் குழு 2018-இல் வெளியிட்ட ‘டண்டாரா’வில் நாயகியால் நடக்கவே முடியாது. தரையிலிருந்து கூரைக்கு, கூரையிலிருந்து சுவருக்கு என்று பாய்ந்து பாய்ந்துதான் போக வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் அடிமைமுறையை எதிர்த்துப் போராடியதாகச் சொல்லப்படும் கறுப்பினப் பெண் போராளியின் பெயரே டண்டாரா. ‘ராஜி’ இவ்விரண்டின் அளவுக்கு விதிகளைப் புரட்டவில்லை. ஆனால் அசைவுக்கும் ஆளுக்கும் உள்ள உறவில் அவற்றுக்கு இணையாக நிற்கிறது.

சுவர்கள் பேசும் கதை

சண்டைக்கு நடுவே விளையாட்டு நம்மை நிறுத்திவைக்கும் இடங்கள் உண்டு. கோட்டைச் சுவரில் துர்கையின் கதையோ விஷ்ணுவின் கதையோ வரையப்பட்டிருக்கும். அதன் முன்னே போய் நின்றால் குரல் அந்தக் கதையைச் சொல்லும். ராஜஸ்தான் கோட்டைகளின் வளைவுகளும் மாடங்களும், பஹாடி ஓவியங்களின் நிறங்களும் பின்னணியில் விரிகின்றன. இடைக்காட்சிகள் தோல்பாவை நிழலாட்டம்போல அமைந்திருக்கின்றன. பெரிய எதிரிகளில் ஒருத்தியான ராங்டா, பாலித் தீவின் தொன்மத்திலிருந்து வந்தவள். வட்டங்களைத் திருப்பி உருவத்தைச் சேர்க்கும் புதிர்கள் எளியவை. அடுத்த சண்டைக்கு முன் மூச்சுவிட இடம் தருகின்றன.

நாமக்கல்லில் இருந்துகொண்டு இந்தச் சுவர்களைப் பார்க்கும்போது மலைக்கோட்டைக்குக் கீழேயுள்ள நரசிம்மர் குடைவரை நினைவுக்கு வராமல் இருக்காது. எட்டாம் நூற்றாண்டில் அதியர் குல அரசர்கள் குடைந்த கோயில் அது. ஒரு சுவரில் வராகம், இன்னொரு சுவரில் மூன்றடி மண் கேட்டு வந்து ஓங்கி உலகளக்கும் திரிவிக்கிரமன், வேறோரிடத்தில் இரணியனைக் கிழிக்கும் நரசிம்மம். திரிவிக்கிரமனின் தூக்கிய காலைப் பாருங்கள். இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது, நிலத்தில் ஊன்றிய கால் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பதை எல்லாம் அறிந்தே அந்தச் சிற்பி உளியை வைத்திருக்கிறான். உடலின் அசைவைக் கொண்டே கதை சொல்வது நம் மண்ணுக்குப் பழக்கமான கலை. ‘ராஜி’ தன் சுவர்ச் சித்திரங்களில் கதையைக் குரலுக்கு விட்டுவிடுகிறது. சண்டைக் களத்தில்தான் உடலால் சொல்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் கூடியிருந்தால் இந்த விளையாட்டு எங்கேயோ போயிருக்கும்.

சிறு திரையில் படும் பாடு

கையில் பிடித்து ஆட நினைப்பவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் ஸ்விட்ச்சின் திரை 6.2 அங்குலம். ‘ராஜி’யில் கேமராவை நாம் திருப்ப முடியாது, அது உயரத்தில், தூரத்தில் நின்று மாளிகையின் முழு அழகையும் காட்டுகிறது. டிவியில் கம்பீரமாகத் தெரியும் அந்தக் காட்சி சிறு திரையில் ராஜியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிவிடுகிறது. எதிரி கையை ஓங்கும் நொடியைக் கண்டால்தான் உருண்டு விலக முடியும். சில இடங்களில் அந்த நொடி கண்ணில் படுவதே இல்லை. ஸ்விட்ச்சில் படத்தின் கூர்மையும் குறைவு. எதிரிகள் கூடும்போது ஓட்டம் தடுமாறுகிறது.

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் போகும் பஸ்ஸில் பகலில் ஆடுவது வீண். ஜன்னல் வெயிலில் விளையாட்டின் இரவுக் காட்சிகள் கறுப்புக் கண்ணாடியாகிவிடுகின்றன. கதை முழுக்கக் குரலில் நடப்பதால், பஸ்ஸில் ஓடும் பாட்டுக்கு மேல் அதைக் கேட்க இயர்போன் கட்டாயம். பொழுது சாய்ந்த பிறகு, வீட்டுத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து ஆடுங்கள். நிறங்கள் அப்போதுதான் உயிர் பெறுகின்றன.

கட்டுப்பாட்டிலும் குறைகள் உண்டு. ஒரு அடியைத் தொடங்கிவிட்டால் அந்த அசைவு முடியும்வரை ராஜி நம் சொல்லைக் கேட்பதில்லை. நடுவில் ஆபத்து வந்தாலும் உருண்டு விலகத் தாமதமாகிறது. வித்தைக்காரியின் உடலுக்கு இந்த இறுக்கம் பொருந்தவே இல்லை. மேடை விட்டு மேடை தாவும் இடங்களில் கேமரா கோணத்தால் ஆழம் புலப்படாமல் பள்ளத்தில் விழ நேர்கிறது. விஷ்ணுவின் வில் கைக்கு வந்த பிறகு தள்ளி நின்று அம்பு விடுவதே பாதுகாப்பாகப் படுகிறது. சுவரையும் தூணையும் தேடிய கண் சோம்பேறியாகிவிடுகிறது. தன் மிகச் சிறந்த யோசனையைப் பிற்பாதியில் விளையாட்டே கைவிடுகிறது என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

ஐந்தாறு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். அதுவும் கதை சூடுபிடிக்கும் இடத்தில் சட்டென்று திரை விழுகிறது. 2022-இல் வந்த மேம்படுத்திய பதிப்பு சண்டையைச் செப்பனிட்டது, இந்திக் குரலையும் சேர்த்தது. தமிழில் ஒரு குரல் இருந்திருந்தால் இங்குள்ள பாட்டிகளும் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை கேட்டிருப்பார்கள்.

செய்தவர்கள்

ஸ்ருதி கோஷ், அவிச்சல் சிங், இயன் மாட் ஆகியோர் தொடங்கிய நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் சிறிய குழு. 2017-இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாக மக்களிடம் பணம் திரட்டப் பார்த்தார்கள், இலக்கு எட்டவில்லை. நிறுவனர்களில் ஒருவர் தன் வீட்டை விற்று வேலையைத் தொடர்ந்தார். அந்த விளையாட்டுதான் பிறகு 2020-ஆம் ஆண்டின் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பிடித்தது. இதைச் சலுகை மதிப்பெண் போடுவதற்காகச் சொல்லவில்லை. பணமும் ஆளும் குறைவாக இருந்தபோதும் அவர்கள் செலவைக் கொட்டிய இடம் சரியான இடம் என்று காட்டவே சொல்கிறேன்.

வாங்கலாமா?

வாங்கலாம். ஸ்விட்ச்சை நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. இறக்குமதிக் கடையிலோ வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் மூலமோ ஏற்கெனவே வாங்கியவர்கள், தள்ளுபடி வரும்போது ‘ராஜி’யை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்காகவே புதிதாக ஸ்விட்ச் வாங்க வேண்டாம். ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் கன்ட்ரோலர் ஒன்றை இணைத்து ஆடினால் படமும் தெளிவு, கைக்கும் எளிது. புராணக் கதைகளில் ஆர்வமுள்ள, பத்துப் பன்னிரண்டு வயது தாண்டிய பிள்ளைகளோடு பெற்றோர் சேர்ந்து உட்கார்ந்து ஆட ஏற்றது. சவாலான சண்டையும் நீண்ட கதையும் தேடுபவர்களுக்கு இது போதாது.

நாமக்கல்லைச் சுற்றியுள்ள இந்தச் சமவெளியில் தெருவுக்குத் தெரு பொறியியல் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்காவது விளையாட்டு செய்யும் ஆசை உண்டு. அவர்களுக்குப் பக்கத்திலேயே எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் வல்வில் ஓரிக்கு அங்கே அரசு விழா எடுக்கிறது, வில்வித்தைப் போட்டியும் நடக்கிறது. ஒரே அம்பில் பல விலங்குகளைத் துளைத்தவன் என்று சங்கப் பாட்டு போற்றும் அந்த வில்லாளி ஒரு விளையாட்டின் நாயகனாகத் தகுதியானவன். அதைச் செய்ய வருபவர் முதலில் ஓரியின் முகத்தையும் கிரீடத்தையும் வரைய உட்கார வேண்டாம். செங்குத்தான சரிவில் அவன் எப்படிக் காலூன்றுவான், மரத்தையும் பாறையையும் எப்படித் துணைக்குக் கொள்வான், நாணை இழுக்கும்போது அவன் தோள் என்ன செய்யும் என்பதை முதலில் தீர்மானிக்கட்டும். பொத்தான்கள் அதன் பிறகு வரட்டும். ‘ராஜி’ இந்த வரிசையைக் காப்பாற்றிய இடமெல்லாம் சிறந்திருக்கிறது. தவறவிட்ட இடமெல்லாம் சாதாரணமாகிவிட்டது.