அவன், அவள், அவர்: கெத்தென் கோளும் நம்ம ஊரும்

அர்சுலா லெ குவின் 1969இல் எழுதிய 'இருளின் இடது கை' நாவலை ஆண்-பெண் பேதம் பற்றிய நூலாகவே பலரும் வாசிக்கிறார்கள். சரிதான். சேரியிலிருந்து வாசிக்கும் எனக்கு அது மரியாதை பற்றிய நூலாகவும் படுகிறது.

கெத்தென் என்ற பனிக்கோளுக்குக் கென்லி ஐ என்ற கறுத்த தோலுடைய ஆண் தனியாளாகத் தூது போகிறார். அங்கே ஆண் சாதி, பெண் சாதி என்று பிரிவில்லை. மாதத்தில் சில நாள் மட்டும் உடம்பு ஏதாவது ஒரு பாலாக மாறும். யாரும் பிள்ளை பெறலாம், அரசரும்தான். தூதருக்கோ ஆளைப் பார்த்ததும் ஆணா பெண்ணா என்று பிரிக்காமல் இருக்க முடியவில்லை. தனக்கு உண்மையாக உதவுகிற எஸ்த்ராவெனிடம் 'பொம்பளைத்தனம்' கண்டு சந்தேகப்படுகிறார். இருவரும் பனிவெளியைக் கடக்கும்போதுதான் அந்தச் சந்தேகம் கரைகிறது.

கெத்தென்காரர் எல்லாரையும் லெ குவின் ஆங்கிலத்தின் ஆண்பால் சொல்லாலேயே குறித்தார். பெண்ணியவாதிகள் கேள்வி கேட்டார்கள். 1976இல் தன் தேர்வை நியாயப்படுத்திக் கட்டுரை எழுதியவர், 1987இல் அதே கட்டுரைக்குத் தானே மறுப்பும் எழுதினார். தமிழில் இந்தச் சிக்கலே இல்லை, 'அவர்' இருக்கிறதே என்று நம் மொழிப்பற்றாளர்கள் மார்தட்டலாம்.

திருநகரில் நண்பர்கள் கூடி இதைப் பேசியபோது ஒரு மாணவி கேட்டார்: "அண்ணே, எங்க தாத்தாவ ஊருக்குள்ள யாரு 'அவரு'ன்னு சொன்னா? பொடிப்பய கூட 'வாடா'ன்னுதான கூப்புட்டான்?"

விசயம் இங்கேதான் இருக்கிறது. 'வந்தார்' என்றால் ஆணா பெண்ணா தெரியாது. மரியாதையை உருவிவிட்டு 'வந்தான்', 'வந்தாள்' என்னும்போதுதான் பால் தெரிகிறது. பாலைக் கடக்கும் வசதியைத் தமிழ் மரியாதைப்பட்டவர்களுக்கே கொடுத்து வைத்திருக்கிறது. சேரிக் கிழவிக்கு எத்தனை வயசானாலும் 'அவ'தான். கெத்தெனைத் தமிழில் எழுத வருகிறவர் சாதியைத் தொடாமல் ஒரு வினைமுற்றுகூடப் போட முடியாது.

கெத்தெனில் கௌரவத்துக்கு 'ஷிஃப்கிரெத்தோர்' என்று பெயர். நிழலைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து அது வந்ததாக நாவல் சொல்கிறது. அங்கே நிழல் கௌரவம். இங்கே நம்ம ஆளுக நிழல் பட்டாலே தீட்டு என்றார்கள்.

பெண்களின் கற்பனை உலகம் நமக்கும் புதிதில்லை. ரொக்கியாவின் 'சுல்தானாவின் கனவு' 1905இல் சென்னையிலிருந்து வந்த இந்தியன் லேடீஸ் மேகஸினில்தான் முதலில் வெளியானது. அந்த நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து சமைக்கிறார்கள், பெண்கள் சூரிய வெப்பத்தை ஆள்கிறார்கள். 1905இல் இதை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஆனாலும் அந்தச் சுத்தமான நாட்டில் பீ அள்ளுவது யார் என்று கதை கேட்கவில்லை. நாம் கேட்டாக வேண்டும்.

வேற்றுலகக் கதைகளில் பெரும்பாலும் புரியாமையால்தான் கேடு வருகிறது. கூடப் பழகினால் தீர்ந்துவிடும் என்று நம்பிக்கை. உத்தப்புரத்தில் 1989இல் சுவர் எழுப்பியவர்களுக்கு நம்மைப் புரியாமலா இருந்தது? தலைமுறை தலைமுறையாகப் பக்கத்திலேயே இருந்தவர்கள். நம் உழைப்பு, நடை, பேச்சு எல்லாம் அத்துப்படி. நன்றாகத் தெரிந்துதான் கட்டினார்கள். 2008 மே மாதம் அதில் ஒரு பகுதியை இடிக்கவே அரசு நிர்வாகம் வர வேண்டியிருந்தது.

லெ குவினின் தூதர் அரண்மனையில் அரசரைப் பார்க்கப் போகிறார். நம் ஊர்ப் பக்கம் விண்கலம் இறங்கினால், "தம்பி எந்தப் பக்கம், யாரு வீடு?" என்றுதான் முதல் கேள்வி விழும். பதிலைப் பொறுத்துத்தான் டீக்கடையில் எந்தக் குவளை என்பதும், அவரா அவனா என்பதும் முடிவாகும். அந்தக் கதையைச் சேரித் தெருவில் நின்று நம் பெண்கள் எழுத வேண்டும்.